ஏ.ஆர். பிஸ்டல்: பஃபர் கோளாறுகளும் சட்டச் சிக்கல்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் சாதாரணக் கைத்துப்பாக்கிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஏ.ஆர்.-15 ரைஃபிளின் அமைப்பிலேயே குட்டையாகச் செய்த ஏ.ஆர். பிஸ்டல் மட்டும் சுவரில், ரைஃபிள்களோடு சேர்ந்து தொங்கும். பார்வைக்கு ரைஃபிள், பில்லில் பிஸ்டல். இதை வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு வகை. "ஏன் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது?" என்பது ஒன்று. "இதற்காக என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் தேடிப் போனால், துப்பாக்கியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பஃபர் குழாய் என்ற ஒரே அலுமினியக் குழாயில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

சட்டப் பகுதி பொதுவான தகவல்தான். உங்கள் மாநிலம், உங்கள் விசா, உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கி ஆகியவற்றை வைத்து வக்கீல்தான் சொல்ல முடியும்.

இது பிஸ்டலா, ரைஃபிளா?

கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் பிஸ்டல். அந்தச் சட்டம் ரைஃபிள் என்றால் என்ன என்பதைத் தோட்டாவை வைத்தோ தோற்றத்தை வைத்தோ முடிவு செய்வதில்லை. தோளில் முட்டுக்கொடுத்துச் சுடுவதற்காக வடிவமைத்து, அந்த நோக்கத்தோடு செய்ததா என்பதுதான் அளவுகோல். தோளில் வைக்கும் ஸ்டாக் இல்லாமல், ஒரு கையால் பிடித்துச் சுடும்படி தொழிற்சாலையிலிருந்து வந்தால் அது பிஸ்டல். ரைஃபிள் தோட்டாவான 5.56 போட்டாலும் சரி, 30 தோட்டா மேகஸின் மாட்டினாலும் சரி, அதில் மாற்றமில்லை.

இதனால் வாங்கும்போதே வித்தியாசம் தெரியும். உரிமம் பெற்ற கடைக்காரர் ரைஃபிளை 18 வயதில் விற்கலாம். கைத்துப்பாக்கிக்கு 21 ஆக வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. (2025 ஜனவரியில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வயது வரம்பு அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதை நம்பி 19 வயதுப் பையனைக் கடைக்கு அனுப்பாதீர்கள், முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்.) கைத்துப்பாக்கியை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் கையில் வாங்க முடியும். பக்கத்து மாநிலத்தில் மலிவு என்றால், அங்கிருந்து உங்கள் ஊர்க் கடைக்கு அனுப்பச் சொல்லி, அங்கே படிவம் நிரப்பி வாங்க வேண்டும்.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் எதற்கு? ஸ்டாக்தான் இல்லையே, அதையும் எடுத்துவிட்டால் என்ன?

எடுத்தால் துப்பாக்கி ஓடாது. 1950-களில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த குடும்பம் இது. பேரல் (குழல்), தோட்டாவின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட், பின்னுதைப்பை வாங்கும் ஸ்பிரிங் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். சுட்டதும் போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியர் பின்னோக்கி ஓடும். துப்பாக்கியின் உடற்பகுதியான ரிசீவருக்குள் அதற்கு இடம் போதாது. மீதித் தூரத்தை அந்தக் குழாய்க்குள்தான் ஓட வேண்டும். ரைஃபிளில் அந்தக் குழாய் ஸ்டாக்குக்குள் மறைந்திருக்கும். பிஸ்டலில் மறைக்க எதுவும் இல்லாததால் வெளியே தெரிகிறது.

குழாயே வேண்டாம் என்று யோசித்தவர்களும் உண்டு. ஒலிம்பிக் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் ஓ.ஏ.-93 ஸ்பிரிங்கை போல்ட் கேரியரின் மேலே தூக்கி வைத்தது. கெல்-டெக்கின் பி.எல்.ஆர்.-16 பிஸ்டன் முறைக்குப் போனது, 9.2 அங்குல பேரல், ஏ.ஆர். மேகஸின், பின்னால் ஒன்றும் கிடையாது. சிக் நிறுவனத்தின் எம்.சி.எக்ஸ். வகையிலும் ஸ்பிரிங் ரிசீவருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இவற்றுக்கு விலையும் உதிரி பாகத் தட்டுப்பாடும் அதிகம். அதனால் சந்தையில் பெரும்பான்மை இன்னும் குழாய் வைத்த ஏ.ஆர். பிஸ்டல்தான்.

பஃபர் என்பது என்ன? வெறும் எடைக்கட்டியா?

குழாய்க்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு முன்னால் பஃபர். கழற்றிக் கையில் எடுத்தால் சுமார் மூன்றேகால் அங்குல நீள அலுமினிய உருளை, பின்முனையில் ஒரு பாலிமர் முட்டு. காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள்: உள்ளே 'டக் டக்' என்று ஏதோ ஓடும். அது பழுது இல்லை. உள்ளே மூன்று உலோகத் துண்டுகள், நடுவில் ரப்பர் வில்லைகள் இருக்கின்றன, துண்டுகள் நகர்வதற்குக் கொஞ்சம் இடமும் விட்டிருக்கிறார்கள். கேரியர் முன்னால் வந்து மோதி நிற்கும்போது அது எதிர்த்துத் துள்ளப் பார்க்கும். அந்த நொடியில் உள்ளிருக்கும் துண்டுகள் ஒரு இழை தாமதமாக வந்து முன்னால் அடிக்கும், துள்ளல் அடங்கிவிடும்.

மலிவான பஃபர் சிலவற்றில் இந்த 'டக் டக்' கேட்காது. ஒரே கட்டியாக இருக்கும். எடை சரியாக இருந்தாலும் துள்ளலை அடக்கும் வேலையை அது செய்யாது.

எடைகளைப் பற்றி: சாதாரண கார்பைன் (ரைஃபிளைவிடச் சற்றுக் குட்டையான வகை) பஃபர் சுமார் 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். மூன்று எஃகுத் துண்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு டங்ஸ்டன் போட்டால் அது எச் பஃபர், 3.8 அவுன்ஸ் வரும். இரண்டு டங்ஸ்டன் என்றால் எச்-2, 4.6 அவுன்ஸ் பக்கம். மூன்றும் டங்ஸ்டன் என்றால் எச்-3, சுமார் 5.4 அவுன்ஸ். கம்பெனிக்குக் கம்பெனி சில கிராம் முன்னே பின்னே இருக்கும்.

ரைஃபிளில் வராத தொந்தரவு பிஸ்டலில் மட்டும் ஏன்?

பேரலைக் குறைத்ததுதான் மூல காரணம். ஏ.ஆர். வகையில் பேரலில் ஒரு சிறு துளை இருக்கும். குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வரும் வாயுவில் ஒரு பங்கு அந்தத் துளை வழியே திரும்பி வந்து போல்ட் கேரியரைத் தள்ளும். 20 அங்குல ரைஃபிளில் துளை, தோட்டா உட்காரும் அறையிலிருந்து சுமார் 12 அங்குலம் தள்ளி இருக்கும். கார்பைனில் 7, பிஸ்டல் அளவு வாயுக்குழாயில் 4 அங்குலம்தான். துளை அறைக்குப் பக்கத்தில் வர வர அங்கே அழுத்தமும் சூடும் ஏறும்.

இன்னொரு பக்கம், துளையைத் தாண்டிய பிறகு பேரலில் மிச்சம் இருக்கும் நீளமும் முக்கியம். குண்டு வாயை விட்டு வெளியேறியதும் அழுத்தம் சடாரென்று விழுந்துவிடும். 7.5 அங்குல பேரலில் துளைக்குப் பிறகு மூன்று சொச்சம் அங்குலம்தான் மிச்சம். அந்தத் துளி நேரத்துக்குள் கேரியரைத் தள்ளும் அளவு வாயு கிடைக்க வேண்டும் என்பதற்காகத் துளையைப் பெரிதாகப் போடுகிறார்கள். எந்த மலிவுத் தோட்டா போட்டாலும் ஓடட்டும் என்று இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுகிறார்கள். விளைவு, நல்ல தோட்டா போட்டால் கேரியர் வெறி பிடித்த மாதிரி பின்னால் பாய்கிறது. காலி உறை சூட்டில் உப்பி அறையை இன்னும் இறுகப் பிடித்திருக்கும்போதே போல்ட்டில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதை இழுக்கும். உறையின் விளிம்பு கிழியும், சில சமயம் உறை அங்கேயே நின்றுவிடும். துளை நாளடைவில் அரித்து இன்னும் பெரிதாகும், பிரச்சினையும் கூடவே வளரும்.

என் கருத்தைக் கேட்டால், 5.56 தோட்டாவுக்கு 10.5 அங்குலத்துக்குக் கீழே போவது வீண் வேலை. குட்டையாகத்தான் வேண்டும் என்றால் .300 பிளாக்அவுட் பக்கம் போங்கள். சின்ன பேரலுக்குள்ளேயே மருந்து எரிந்து முடியும்படி அமைத்த தோட்டா அது. பிஸ்டல் அளவு வாயுக்குழாயோடு நன்றாக ஒத்துப்போகும்.

எனக்கு எந்த எடை பஃபர் சரி?

துப்பாக்கியையும் தோட்டாவையும் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆனால் தொடங்க ஒரு இடம் சொல்லலாம்: 10.5 அங்குல 5.56 என்றால் எச் அல்லது எச்-2. சத்தம் குறைக்கும் சப்ரஸர் மாட்டினால் வாயு இன்னும் அதிகமாகத் திரும்பி வரும். ஒரு படி மேலே போகலாம். ஒரேயடியாக எச்-3 வாங்கிப் போட்டுவிட்டு, குளிர்காலத்தில் மலிவுத் தோட்டாவோடு ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடத்துக்கு) போய், "ஓடவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புவது வழக்கமாக நடக்கும் கூத்து.

எடையைக் கூட்டுவது நோயின் வேகத்தைக் குறைக்குமே தவிர நோயைத் தீர்க்காது. வாயு அதிகமாக வருகிறது என்றால் வாயுவைக் குறைப்பதுதான் முறை. பேரலின் துளைமேல் உட்காரும், திருகி வாயுவின் அளவை மாற்றும் கேஸ் பிளாக் கிடைக்கிறது. செலவு செய்ய மனமிருந்தால் அதில் செய்யுங்கள்.

கோளாறு பஃபரில்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலி உறைகள் எங்கே போய் விழுகின்றன என்று பாருங்கள். துப்பாக்கியின் வாய்ப்பக்கத்தைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைகள் 3-க்கும் நாலரைக்கும் நடுவில் விழுந்தால் நிம்மதி. 1, 2 மணிப்பக்கம் முன்னால் பறந்தால் கேரியர் வேகமாக ஓடுகிறது. பஃபர் இலேசு, அல்லது வாயு அதிகம். 5 மணிப்பக்கம் சோம்பலாக விழுந்தால் சக்தி போதவில்லை. இது குத்துமதிப்புதான். உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் உறை விழும் இடம் மாறும்.

இரண்டாவது சோதனை இன்னும் நம்பகமானது. மேகஸினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் போய் நின்றுவிட வேண்டும். நிற்காமல் காலி அறைமேல் மூடிக்கொண்டால் கேரியர் முழுத் தூரமும் போகவில்லை. நீங்கள் வழக்கமாக வாங்கும் தோட்டாக்களிலேயே பலவீனமானதை வைத்து இதைச் செய்யுங்கள். மேகஸின் பழசாக இருந்தாலும் இப்படி ஆகும், அதனால் வேறொரு மேகஸினிலும் பார்த்துவிடுங்கள்.

பஃபரைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கேரியரின் மேலே இருந்து வாயுவை உள்ளே வாங்கும் கேஸ் கீ. அதன் இரண்டு திருகுகளும் தளராதபடி விளிம்பு உலோகத்தைக் குத்தி இறுக்கியிருக்க வேண்டும். மலிவுத் துப்பாக்கிகளில் இந்தக் குத்து பேருக்குத்தான் இருக்கும். திருகு தளர்ந்தால் வாயு அங்கேயே ஒழுகிவிடும். அடுத்தது, வாயு கசியாமல் அடைக்கும் போல்ட்டின் கேஸ் ரிங்குகள். போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, போல்ட் முகம் மேஜையில் படும்படி கேரியரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தன் எடையிலேயே சரிந்து இறங்கினால் ரிங் தேய்ந்துவிட்டது. சில டாலர் பொருள்தான், மாற்றுங்கள்.

ஸ்பிரிங்கை எப்போது மாற்ற வேண்டும்?

நீளத்தை அளந்து பாருங்கள். கார்பைன் ஸ்பிரிங் எதையும் மாட்டாமல் வெறுமனே வைத்தால் 10 அங்குலத்துக்கு மேல், 11¼ அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க ராணுவக் கணக்கு. அதற்குக் கீழே சுருங்கிவிட்டால் குப்பையில் போடுங்கள். ரைஃபிள் ஸ்பிரிங் இதைவிட நீளம்; அதை வெட்டிக் கார்பைன் குழாய்க்குள் திணிக்கும் வேலை வேண்டாம்.

சுடும்போது காதருகே 'கிரீச்' என்று ஸ்பிரிங் உரசும் சத்தம் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் கெடுதல் இல்லை. குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் சாம்பல் நிறப் பசையோடு மின்னும் அலுமினியத் தூள் வரும். துடைத்துவிட்டு லேசாக கிரீஸ் தடவினால் சத்தம் பாதியாகும். அப்போதே குழாயின் வாயில் பஃபரைப் பிடித்து நிற்கும் சின்ன ரிட்டெய்னர் ஊசியையும் பாருங்கள். குழாயைச் சரியான அளவுக்குத் திருகவில்லை என்றால் அந்த ஊசி கேரியரிடம் அடி வாங்கி உடையும். உடைந்த துண்டு போய் விழும் இடம் ட்ரிக்கர்.

பின்னுதைப்பைக் குறைக்கும் ரப்பர் பஃபர், பாலியூரித்தேன் வில்லை எல்லாம் விற்கிறார்களே, போடலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். முக்கியமாக ஏ.கே. வகைப் பிஸ்டல்களுக்கு இவற்றை அதிகம் விற்கிறார்கள். கேரியர் பின்சுவரில் உலோகத்தோடு உலோகம் மோதுவதைத் தடுக்கிறது என்பது விளம்பரம். அந்த வில்லையின் தடிமன் அளவுக்குக் கேரியர் ஓடும் தூரம் குறைகிறது என்பதை விளம்பரம் சொல்லாது. தூரம் குறைந்தால் அடுத்த தோட்டா மேலே ஏறக் கிடைக்கும் நேரமும் குறையும். எண்ணெயிலும் சூட்டிலும் ஊறி ஊறி ஒருநாள் வில்லை பிய்யும். பிய்ந்த துண்டு எங்கே போய்ச் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏ.கே.-யின் பின்பக்கம் அந்த அடியைத் தாங்கத்தான் செய்திருக்கிறார்கள்.

உள்ளே ஹைட்ராலிக் டாம்பர் வைத்த விலையுயர்ந்த பஃபர்கள் வேறு சங்கதி. அவை வேலை செய்கின்றன. எண்ணெய் கசிய ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

9 மி.மீ. ஏ.ஆர். பிஸ்டலுக்கும் இதே கணக்கா?

இல்லை. அதில் பெரும்பாலும் போல்ட் பூட்டிக்கொள்வதே கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் உறையைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் எடை அதிகம் வேண்டும், 5.5 அவுன்ஸிலிருந்து 8 அவுன்ஸ் வரை போடுகிறார்கள். இன்னொரு தொல்லை, 9 மி.மீ. தோட்டா குட்டை என்பதால் போல்ட் அவ்வளவு தூரம் பின்னால் போகவே தேவையில்லை. தேவைக்கு மேல் ஓடினால் திரும்பி வரும் வேகத்தில், போல்ட்டைப் பின்னால் நிறுத்தி வைக்கும் போல்ட் கேட்சை அடித்து உடைக்கும். குழாயின் அடியில் ஒரு ஸ்பேசர், அல்லது நீளமான பஃபர் போட்டால் தீரும். சிலர் அந்த இடத்தில் சில்லறைக் காசுகளை அடுக்குகிறார்கள். ஓடும்தான், ஆனால் பார்க்க நன்றாகவா இருக்கிறது?

மடக்கும் கீல் போட்டு, மடக்கிய நிலையிலேயே சுடலாமா?

கூடாது. மடக்கினால் கேரியர் போக வேண்டிய குழாய் பக்கவாட்டில் போய்விடும். கேரியர் எங்கே போகும், உங்கள் பக்கம்தான். ஓ.ஏ.-93 போன்ற குழாயில்லாத வகைகளுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

ஒருமுறை விசையை இழுத்தேன், இரண்டு குண்டு போனது. பஃபர் காரணமா?

பெரும்பாலும் இல்லை. ட்ரிக்கரில், அடுத்த இழுப்பு வரை சுத்தியலைப் பிடித்து வைக்கும் டிஸ்கனெக்டர் தேய்ந்திருக்கும், அல்லது தோட்டாவைக் குத்தும் ஃபயரிங் பின் அழுக்கில் சிக்கி முன்னாலேயே நின்றிருக்கும். உடனே நிறுத்துங்கள், தோட்டாவை எடுத்துவிடுங்கள், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். "இன்னொரு தடவை வருகிறதா பார்க்கலாம்" என்று விளையாடாதீர்கள்.

இதைச் சட்டப் பிரச்சினையாகவும் பார்க்க வேண்டும். ஒரு இழுப்பில் ஒன்றுக்கு மேல் சுட்டால் அது மெஷின்கன் என்பது கூட்டாட்சி வரையறை. விஸ்கான்சினில் ஒருவர் தன் ஏ.ஆர்.-15-ஐ இன்னொருவருக்குக் கொடுத்தார். அது ரேஞ்சில் தொடர்ச்சியாகச் சுட்டது. கோளாறு என்று வாதாடியும் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2009-இல் ஏழாவது சர்க்யூட் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் துப்பாக்கியில், தொடர்ச்சியாகச் சுடும் ராணுவ ரைஃபிளான எம்-16-இன் பாகங்கள் இருந்தன என்பதும் வழக்கில் வந்தது. பழைய பாகங்கள் கலந்த துப்பாக்கியை மலிவாக வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பேரல் குட்டையாக இருந்தால் என்ன தப்பு?

பிஸ்டலில் தப்பே இல்லை. ரைஃபிளில்தான் தப்பு. 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டம் முதலில் கைத்துப்பாக்கிகளையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கி, கைத்துப்பாக்கி போல மறைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று குட்டை ரைஃபிளையும் உள்ளே போட்டார்கள். பிறகு நாடாளுமன்றத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள், குட்டை ரைஃபிள் மட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இன்றைக்கு இருக்கும் விசித்திரத்துக்கெல்லாம் அதுதான் தொடக்கம். ரைஃபிள் பேரலுக்கு முதலில் 18 அங்குலம் என்று இருந்ததை 1960-இல் 16 ஆக்கினார்கள். பேரல் 16 அங்குலத்துக்குக் கீழே, அல்லது மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே போனால் அது பதிவு செய்ய வேண்டிய குட்டை ரைஃபிள். பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை.

ஆக, 10.5 அங்குல ஏ.ஆர். பிஸ்டலின் குழாயில் ஸ்டாக்கைச் செருகிய நொடியில் அது பதிவில்லாத குட்டை ரைஃபிள். கழற்றிய பாகம் ஒன்று, மாட்டிய பாகம் ஒன்று, நடுவில் பத்தாண்டு.

பிரேஸ் சட்டப்படி சரிதானா? ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

குழப்பத்துக்குக் காரணம் அரசே. கதையை வரிசையாகச் சொல்கிறேன்.

2012-இல், கை ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினர் ஒரு கையால் சுடுவதற்காக, முன்கையில் கட்டிக்கொள்ளும் பிரேஸ் ஒன்று உருவானது. பஃபர் குழாய்மேல் செருகினால் போதும். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அரசு அமைப்பான ஏ.டி.எஃப். அது ஸ்டாக் இல்லை என்று கடிதம் கொடுத்தது. விற்பனை பறந்தது, வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைக் கையில் கட்டவில்லை, தோளில் வைத்தார்கள். 2015 ஜனவரியில் அதே ஏ.டி.எஃப்., தோளில் வைத்தால் துப்பாக்கியை மறுவடிவமைப்புச் செய்ததாக அர்த்தம் என்றது. 2017-இல் அதைத் தளர்த்தி, எப்போதாவது தோளில் பட்டால் மட்டும் வகை மாறிவிடாது என்றது.

2021-இல் புள்ளி போட்டுக் கணக்கிடும் வரைவு விதி வந்தது. 2023 ஜனவரி 31 அன்று இறுதி விதி வெளியானது. பிரேஸ் மாட்டிய பிஸ்டல்களில் பெரும்பாலானவை குட்டை ரைஃபிள். மே 31-க்குள் பதிவு செய்யுங்கள், வரி வேண்டாம் என்றார்கள். ஏ.டி.எஃப். தன் கணக்கிலேயே சுமார் 30 லட்சம் பிரேஸ்கள் புழக்கத்தில் இருப்பதாகச் சொன்னது. பதிவுக்கு வந்தது சுமார் இரண்டரை லட்சம் விண்ணப்பம்தான்.

நீதிமன்றங்கள் விடவில்லை. 2024 ஜூன் 13 அன்று டெக்சாஸ் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் மாக் எதிர் கார்லண்ட் வழக்கில் விதியை முழுவதுமாக ரத்து செய்தது. அதே ஆகஸ்டில் எட்டாவது சர்க்யூட்டும் விதியைக் கடுமையாகச் சாடியது. 2025-இல் அரசு டெக்சாஸ் வழக்கின் மேல்முறையீட்டைக் கைவிட்டது.

ஆகவே கூட்டாட்சி அளவில் 2023 விதி இப்போது இல்லை. ஆனால் போனது விதிதான். 1934 சட்டம் அப்படியே இருக்கிறது. பிரேஸ் என்று பெயர் ஒட்டிய, ஆனால் யாரும் கையில் கட்டவே முடியாத ஒரு பொருளை மாட்டிவிட்டு "ரத்தாகிவிட்டதே" என்று சொல்வது நல்ல தற்காப்பு இல்லை.

கார்பைன் குழாய் போட்டாலே குற்றமா? வழவழப்பான பிஸ்டல் குழாய்தான் போட வேண்டுமா?

பிஸ்டல் குழாய் உருண்டையாக, ஸ்டாக்கைச் செருக அடிப்பக்க மேடு இல்லாமல் இருக்கும். கார்பைன் குழாயில் அந்த மேடும் துளைகளும் உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தில் குழாய் மட்டும் ஸ்டாக் ஆகாது. ஆனால் வீட்டில் கார்பைன் குழாய் போட்ட பிஸ்டல் ஒன்றும், எந்த ரைஃபிளுக்கும் சேராத ஸ்டாக் ஒன்றும் கிடந்தால் கேள்வி வரும். 1992-இல் தாம்சன்/சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப்படியான ஒரு வடிவத்துக்கும் பயன்படும் பாகங்களை வைத்திருப்பதாலேயே குட்டை ரைஃபிள் செய்ததாக ஆகாது என்றது. அந்த ஸ்டாக்குக்கு உரிய 16 அங்குல ரைஃபிள் உங்களிடம் இருந்தால் பயமில்லை. இல்லையென்றால் ஸ்டாக்கை விற்றுவிடுங்கள்.

ரைஃபிளை வாங்கி பிஸ்டலாக மாற்றலாமா?

முடியாது. பிஸ்டலாகப் பிறந்தது 16 அங்குல பேரலோடு ரைஃபிளாகி மறுபடி பிஸ்டலாகலாம் என்பது ஏ.டி.எஃப்.-இன் 2011-4 தீர்மானம். ரைஃபிளாகப் பிறந்தது பிஸ்டலாக முடியாது. பாகம் எதுவும் மாட்டாத லோயர் ரிசீவர் (துப்பாக்கி உடலின் கீழ்ப்பகுதி) வாங்கினால் அது இரண்டும் இல்லை. முதலில் எதுவாகக் கட்டுகிறீர்களோ அதுதான் அதன் ஜாதகம். பிஸ்டலாகக் கட்டியதற்குத் தேதியோடு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

பேரலில் செங்குத்தான முன்பிடி மாட்டுவதிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே உள்ள பிஸ்டலில் அதை மாட்டினால், ஒரு கையால் சுடும்படி செய்தது என்ற வரையறை உடைந்து, அது பதிவு தேவைப்படும் 'பிற ஆயுதம்' ஆகிவிடும்.

பேசாமல் குட்டை ரைஃபிளாகவே பதிவு செய்துவிட்டால்?

பல பேருக்கு இப்போது அதுதான் புத்திசாலித்தனம். 1934 முதல் மாறாமல் இருந்த 200 டாலர் வரி, 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்குப் பூஜ்யம். வரிதான் போனது, பதிவு போகவில்லை. படிவம் 1, கைரேகை, புகைப்படம் எல்லாம் உண்டு. ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் ஸ்டாக்கை மாட்ட வேண்டும். உங்கள் பெயரையும் ஊரையும் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும். அதை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஏ.டி.எஃப்.-இடம் முன்அனுமதி வாங்க வேண்டும். பிஸ்டலாகவே இருந்தால் அந்தக் கூட்டாட்சி அனுமதி தேவையில்லை என்பது பிஸ்டலுக்கு மிச்சம் இருக்கும் ஒரு வசதி.

எல்லா மாநிலத்திலும் இதே நிலைதானா?

இல்லவே இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற இடங்களில், மேகஸின் கைப்பிடிக்கு வெளியே மாட்டும் பிஸ்டல், மரை போட்ட பேரல் போன்ற அம்சங்களே தாக்குதல் ஆயுதப் பட்டியலில் தள்ளிவிடும். 2023 ஜனவரியில் வந்த இல்லினாய் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தோளில் வைத்துச் சுட உதவும்படி கைப்பிடிக்குப் பின்னால் நீளும் பஃபர் குழாய், பிரேஸ் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தது. கூட்டாட்சி விதி ரத்தானது இந்த மாநிலங்களில் உங்களைக் காப்பாற்றாது. டெக்சாஸில் சட்டப்படி வாங்கிய பொருளோடு சிகாகோவுக்கு வீடு மாறுகிறவர்கள், லாரியில் ஏற்றும் முன் இதைப் பாருங்கள்.

பஃபர், ஸ்பிரிங் மாற்ற அனுமதி வேண்டுமா?

வேண்டாம். அவை கட்டுப்பாட்டுக்குள் வரும் பாகங்கள் இல்லை, தபாலிலேயே வாங்கலாம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் ஏ.ஆர். பிஸ்டலை ரேஞ்சில் ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா?

இந்தக் கேள்வியை நம்மவர்கள் கேட்பதே இல்லை, வார இறுதியில் கும்பலாகப் போய்ச் சுட்டுவிட்டு முகநூலில் படமும் போட்டுவிடுகிறார்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாம் குடியேற்றம் சாராத விசாக்கள். அந்த விசாவில் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும், நண்பர் கையிலிருந்து வாங்கிச் சுடுவதும்கூட 'வைத்திருப்பது' என்ற சொல்லுக்குள் வரும். விதிவிலக்குகளில் பலரும் பயன்படுத்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் தடை விலகும். இதில் மாட்டினால் சிறையைவிடப் பெரிய கவலை குடியேற்ற வழக்கு. பச்சை அட்டை வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

வீட்டில் ஒருவருக்குப் பச்சை அட்டை, இன்னொருவர் விசாவில் என்றால், துப்பாக்கிப் பெட்டியின் சாவியும் எண்ணும் விசாவில் இருப்பவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

ஊருக்குப் போகும்போது பழைய பஃபர், ஸ்பிரிங் மாதிரி உதிரி பாகத்தைக் கொண்டுபோகலாமா?

கூடாது. துப்பாக்கிப் பாகங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் பொதுவாக அமெரிக்க ஏற்றுமதி உரிமம் வேண்டும், இந்தியப் பக்கம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கப் பாக்கெட்டின் தையலுக்குள் உருண்டுபோய்க் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், சென்னை விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்தால் காவல் நிலையம்தான். வேறு பையே இல்லையென்றால், உள்துணியை வெளியே இழுத்துப் போட்டு ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.